எந்த ஊர் ஏழு மணி

போன வாரம், மர்லா கணவனோடு போனில் பேசிவிட்டுப் பேருந்துக்குப் பின்னால் போய் யாருக்கும் தெரியாமல் அழுததோடு நிறுத்தியிருந்தேன். அழுது முடித்ததும் அவள் செய்த முதல் காரியம், மூக்கைச் சிந்திக்கொண்டு நியூ லிண்டாவ் ஊர் நூலகத்துக்குப் போன் போட்டது. மர்லா வோக்ட் அப்படிப்பட்டவள்.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மர்லா, ஸ்டோன்லிக் ஊரின் ஹெரான்ஸ் முரசணிக்குப் பயணப் பொறுப்பாளர். நூற்று நாற்பது பிள்ளைகள், பித்தளை ஊதல்கள், முரசுகள், கொடிகள். கோடை முழுக்க ஊர் ஊராகப் போட்டிக்குப் போவார்கள், பள்ளிக்கூட ஜிம் தரையில் படுப்பார்கள், ஆகஸ்டில் பைனல். அவள் மகள் ஹேட்டி, அணியின் ஐந்து பேஸ் முரசுகளில் இருப்பதிலேயே பெரியதைச் சுமக்கிறவள். வயது இருபத்தொன்று. அதற்கு மேல் அணியில் இடமில்லை என்பது விதி. ஆக, இதுதான் கடைசிக் கோடை.

கணவன் ரஸ், ஓஹையோ ஆற்றில் நிலக்கரி ஏற்றிய பார்ஜ்களை, அதாவது இன்ஜின் இல்லாத தட்டைப் படகுகளை, தள்ளிக்கொண்டு போகும் படகை ஓட்டுகிறவன். ஐந்து கோடையில் ஒரு நாள்கூட மகள் அடிப்பதை அவன் பார்த்ததில்லை. மார்ச் மாதம், "டிரம் அடிச்சு என்ன சாதிக்கப் போறே?" என்று வேறு கேட்டுவைத்தான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அவனேதான் போன வாரம் கூப்பிட்டான். "ஒரே ஒரு தடவை பாத்துடறேன் மர்லா. பைனல் அன்னிக்கு நான் ஆத்துல கிடப்பேன். வியாழக்கிழமை சாயந்திரம் நியூ லிண்டாவைத் தாண்டுவோம். முடியுமா?"

பயண அட்டவணையில் அந்த வியாழக்கிழமை காலியாக இருந்தது. காலி என்றா சொன்னேன்? துணி துவைக்கும் நாள். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் வருகிற புண்ணிய நாள். இந்த அணியின் சமையல் வண்டியில் நானும் மூன்று கோடை வெங்காயம் உரித்தவள். நூற்று நாற்பது ஜோடிக் காலுறைகளின் வாசம் எனக்குத் தெரியும். அந்த நாளில் கைவைத்தவரைப் பிள்ளைகள் லேசில் மன்னிக்க மாட்டார்கள்.

மர்லா கைவைத்தாள். ஆற்றங்கரை மேட்டில் ஒரு கூடுதல் நிகழ்ச்சி, ஏழு மணிக்கு, அனுமதி இலவசம். இயக்குநர் ஹாலிஸிடம், "ஊர் ஜனங்க நாலு பேரு நம்மளைப் பாத்த மாதிரி இருக்கும்" என்று சொல்லிச் சம்மதம் வாங்கினாள். உண்மையான காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, ஹேட்டியிடம்கூட. ஆற்றுக்காரன் வருகிற நேரத்தை நம்பிப் பிள்ளைக்கு ஆசை காட்ட அவளுக்குத் தைரியமில்லை. மூடுபனி, படகுகளை ஏற்றி இறக்கும் லாக் மதகில் வரிசை, என்ன வேண்டுமானாலும் குறுக்கே வரும்.

இனி வியாழக்கிழமை.

நியூ லிண்டாவ் உயர்நிலைப் பள்ளியின் ஜிம்முக்குள் மர்லா காலையில் நுழைந்தபோது, சுவர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. லீவில் பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தை யார் கவனிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு விசிலை ஊதிப் பிள்ளைகளை எழுப்பினாள்.

சாப்பாட்டு வரிசையில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது.

"என் சாக்ஸ் ராத்திரி தானா எழுந்து நடந்துச்சு" என்றாள் ஜோசலின். நாலாவது பேஸ் முரசு, ஹேட்டிக்குப் பக்கத்து ஆள். "உங்கம்மாகிட்ட சொல்லு ஹேட்டி. அதையும் அணியில சேத்துக்கட்டும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஹேட்டி சிரிக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு, லாரி பக்கம் நின்ற அம்மாவிடம் வந்தாள்.

"உனக்கு வேற நாளே கிடைக்கலையாம்மா?"

"கூட ஒரு தடவை அடிச்சா கை தேஞ்சா போயிடும்?"

"எல்லாரும் என்னை இல்ல திட்டறாங்க. உன் அம்மா, உன் அம்மான்னு. யாருக்காக இந்த ஷோ? இந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா?"

"யாராச்சும் பாக்கட்டுமேன்னுதான்டி."

"பாக்க வேண்டியவங்களே பாக்கல" என்றாள் ஹேட்டி. "ஊர்ல இருக்கறவன் பாத்து என்ன ஆகப்போகுது?"

சொல்லிவிடலாமா என்று மர்லா ஒரு கணம் நினைத்தாள். "போய்ச் சாப்பிடு. பான்கேக் ஆறிடும்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று முழுக்க அவள் உட்காரவில்லை. மிச்சமிருந்த சுவரொட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினாள். இரும்புக் கடை, டோனட் கடை, முடிவெட்டும் கடை, எல்லா ஜன்னலிலும் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. நூலகத்து வெர்னாவின் வேலை அது. லுத்தரன் சபையின் அறிவிப்புப் பலகையில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் தலைப்பைக் கழற்றிவிட்டு 'முரசணி இன்று 7, நாற்காலி கொண்டுவரவும்' என்று எழுத்துக் கோத்திருந்தார்கள். உள்ளூர் ரேடியோக்காரன் மணிக்கு ஒரு தடவை சொன்னான்.

"எங்க சபையில இன்னிக்கு மீன் வறுவல் விருந்து" என்றாள் வெர்னா. "அதையே சீக்கிரம் முடிச்சுட்டு மொத்த சபையும் கரைக்கு வருது. நானூறு பேருக்குக் குறையாது பாருங்க."

மர்லா அவளைக் கட்டிக்கொண்டாள். இதுவரை ஒரே ஒரு தடவை போனில் பேசிய பெண்மணி.

ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. பேருந்து ஓட்டும் லெம் அதை மத்தியானமே ஞாபகப்படுத்தினார். "எட்டேகாலுக்குச் சக்கரம் உருளணும் மர்லா. நாங்க வேலையில ஏறி இத்தனை மணி நேரத்துக்குள்ள வண்டிய நிறுத்திடணும்னு சட்டம். அஞ்சு நிமிஷம் தாண்டினாலும் நடுவழியில ஓரங்கட்டிடுவேன். நாளைக்குப் போட்டியை மறந்துட வேண்டியதுதான்."

"ஏழுக்கு ஆரம்பிச்சா ஏழேகால் முடிஞ்சுடும் லெம். அதுக்கப்புறம் லாரியில சாமான் ஏத்த அரை மணி. பயப்படாதீங்க."

ஏழு மணிக்கு அணி கரை மேட்டில் நின்றது. பச்சைச் சட்டை, பளபளக்கிற பித்தளை, எதிரே அகலமாக ஓடும் ஆறு. எல்லாம் சரியாக இருந்தது. ஜனத்தைத்தான் காணோம். ஒரு வயதான தம்பதியும் அவர்கள் நாயும் வந்திருந்தார்கள். அவர்களும் நாயை நடத்த வந்தவர்கள்தான்.

ரஸ்ஸின் படகையும் காணோம்.

வெர்னா ஒரு மடக்கு மேஜையை இழுத்துக்கொண்டு வந்தாள். எலுமிச்சை ஜூஸ் வைப்பதற்கு. "என்ன மர்லா, பிள்ளைங்கள இப்பவே வெயில்ல நிக்க வெச்சுட்டீங்க? இன்னும் முழுசா ஒரு மணி நேரம் இருக்கே."

மர்லா தன் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு. வெர்னாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். ஆறு.

ஜிம் சுவரில் இருந்த கடிகாரம் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

முரசணிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேற்கே போகப் போக ஊர் மணி ஒவ்வொன்றாகப் பின்தங்கும், ஆனால் எந்த மாநிலத்துக்குப் போனாலும் இவர்கள் கடிகாரத்தை மாற்றமாட்டார்கள். எழுப்புவது, சோறு போடுவது, படுக்கவைப்பது எல்லாம் சொந்த ஊர் நேரப்படிதான். குழு நேரம் என்பார்கள். பிள்ளைகளின் தூக்கம் கெடக்கூடாது என்பதற்காக எப்போதோ யாரோ ஆரம்பித்தது. போன் தானாக நேரம் மாற்றிக்கொள்வதைக்கூடப் பயணம் தொடங்கும் அன்றே நிறுத்திவைத்துவிடுவார்கள். மே மாதத்திலிருந்து அந்த ஒரு நேரத்துக்குள்ளேயே குடியிருந்த மர்லாவுக்கு, வெளியே மற்ற ஜனங்களுக்கு வேறொரு நேரம் இருப்பது மறந்தே போனது. ஸ்டோன்லிக்கில் ஏழு என்றால் இங்கே ஆறு.

வெர்னாவிடம் ஏழு என்றாள். ரேடியோவுக்கு ஏழு என்றாள். ரஸ்ஸிடமும் ஏழு. எந்த ஊர் ஏழு என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ரஸ்ஸைக் கூப்பிட்டாள். கிழக்கே மலைகளுக்கு நடுவே இருந்தானோ என்னவோ, போன் போகவே இல்லை. மறுபடி கூப்பிட்டாள். செய்தி அனுப்பினாள். அதுவும் போகாமல் நின்றது.

லெம்மிடம் ஓடி, விஷயத்தைச் சொல்லி ஒரு மணி நேரம் கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சட்டத்துக்கு உங்க வீட்டு விஷயம் தெரியாதே மர்லா. என் கையில என்ன இருக்கு?"

நாளைய ஊருக்கு முன்னாலேயே போய்விட்ட ஹாலிஸைக் கூப்பிட்டாள்.

"ஒரு மணி நேரமா?" என்றார் ஹாலிஸ். "பைனலுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கு. நூத்தி நாப்பது பேரு. நாளைக்குப் போட்டியை விட்டுட்டு அங்கே நிக்கணும்னு சொல்றீங்களா?"

"இல்ல" என்றாள் மர்லா.

வேறென்ன சொல்ல முடியும்? இந்தக் கணக்கு அவள் போட்டது. முடிக்கப் பன்னிரண்டு நிமிடம், ஏற்ற முப்பது, தலை எண்ண எட்டு. எப்படிக் கூட்டினாலும் ஏழு இருபத்தைந்துக்கு மேல் காத்திருக்க வழியில்லை. அதுவரை காத்திருந்தாள். ஆறு திரும்பும் முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மீன்பிடிப் படகு வந்தது, போயிற்று.

"அடிக்கவா, வேணாமாம்மா?" ஹேட்டி வரிசையிலிருந்தே கேட்டாள். முரசின் பட்டை தோளில் பதிந்து வியர்வை வழிந்தது. "சும்மா நிக்கறதுக்கா துணிய விட்டுட்டு வந்தோம்?"

மர்லா கையை உயர்த்தி அசைத்தாள்.

அவர்கள் அடித்தார்கள். அதற்குள் வந்து சேர்ந்திருந்த பதினோரு பேருக்கும் ஒரு நாய்க்கும். ஊதல்கள் எழும்பியபோது நாய் குரைத்தது. கடைசிப் பகுதியில் ஐந்து பேஸ் முரசுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஹேட்டியின் பெரிய முரசில் வந்து முடியும். அந்தச் சத்தம் தண்ணீரைத் தாண்டிக் கென்டக்கி கரையில் பட்டுத் திரும்பிவந்தது. இவ்வளவு நன்றாக இந்தக் கோடையில் அவள் அடித்ததில்லை. ஆத்திரத்தில் அடித்தாள். மர்லா மகளையும் பார்த்தாள், ஆற்று முனையையும் பார்த்தாள். முனையில் எதுவும் இல்லை.

முடிந்தது. பெரிய முரசு எப்போதும் முதலில் ஏறும், லாரியின் கோடியில். அதன்மேல் மற்றவை ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டன.

அப்புறம் ஜனம் வர ஆரம்பித்தது. கையில் நாற்காலி, தோளில் குழந்தை, சட்டையில் மீன் வறுவல் மணம். வெர்னா சொன்ன நானூறுக்கு மேலேயே இருக்கும்.

"முடிஞ்சு போச்சா? அப்போ ஏழுன்னு போட்டது?" என்று ஒருவர் கேட்டார். வெர்னா ஒவ்வொருவரிடமும் போய்க் கையைப் பிசைந்துகொண்டு ஏதோ சொன்னாள். பாவம், அவள் தப்பே இல்லை. சிலர் திரும்பிப் போகாமல் நாற்காலியை விரித்து ஆற்றைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முனையில் பார்ஜ்கள் தெரிந்தன. மூன்று மூன்றாகக் கட்டி, ஐந்து வரிசை. மர்லாவின் போன் அடித்தது.

"மர்லா, இப்பதான் சிக்னல் வந்துச்சு" என்றான் ரஸ். குரலில் அப்படியொரு சந்தோஷம். "ஷிப்ட் முடிஞ்சு பார்ஜோட முன்கோடியில வந்து உக்காந்திருக்கேன். பசங்க எனக்கு நாற்காலி எல்லாம் போட்டுக் குடுத்தாங்க. யப்பா, கரையில என்ன கூட்டம். பைனாகுலர்ல பாக்கறேன், பிள்ளைங்கதான் தெரியல. இன்னும் ஆரம்பிக்கலையா?"

மர்லாவின் பார்வை லாரிப் பக்கம் போனது.

"கேப்டன் தங்கமான மனுஷன். லாக்குல எங்க முறை அஞ்சுக்கே வந்துடுச்சு. ஏழுக்குத்தான் ஷோன்னு சொல்லி, பின்னாடி வந்த படகை முன்னாடி விட்டுட்டுக் காத்திருந்தோம். கரெக்டா வந்தேன் பாத்தியா?"

"ரஸ்" என்றாள். "முடிஞ்சுடுச்சு ரஸ். நான் நம்ம ஊரு ஏழு மணியைச் சொல்லிட்டேன்."

முன்கோடியில் அவன் பைனாகுலரை மடியில் இறக்கிவைப்பது தெரிந்தது.

"சரி" என்றான். "விடு. அவகிட்ட நான் வந்தேன்னு சொல்லாதே. மனசு கஷ்டப்படும்."

ஹேட்டி அப்போது பையை மாட்டிக்கொண்டு பேருந்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள். கணவன் சொன்னதை மர்லா கேட்கவில்லை.

"ஹேட்டி. அந்தப் பார்ஜ்ல உங்கப்பா இருக்காரு."

ஹேட்டி நின்றாள். ஆற்றைப் பார்த்தாள். பூட்டியிருந்த லாரியைப் பார்த்தாள். பிறகு அம்மாவை.

"காலையிலயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்மா சொல்லல?"

"வராம போயிட்டா உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு இருந்துச்சுடி. மன்னிச்சுடு."

ஹேட்டி போனைப் பிடுங்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். மர்லா பின்னாலேயே போனாள்.

"அப்பா."

நாலு மாதத்துக்குப் பிறகு.

"பெரிய முரசு லாரியோட கோடிக்குப் போயிடுச்சுப்பா. எடுக்க முடியாது."

ரஸ் என்ன சொன்னான் என்று மர்லாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் பார்த்தாள். பார்ஜின் முன்கோடியில் இருந்த ஆள் நாற்காலியிலிருந்து எழுந்தான். ஆறு அவனைக் கீழ்நோக்கிக் கொண்டுபோகிறது. அவன் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தான், படகை நோக்கி, பார்ஜ் மேல் பார்ஜாக. அது போகிற வேகத்துக்கு இவன் எதிர்த்திசையில் நடந்ததால், கரையில் நின்ற மகளுக்கு நேரே அப்படியே இருந்தான். பார்ஜ்கள் தீரும்வரை அவனால் அங்கே இருக்க முடியும். நாலைந்து நிமிடம்.

"வாயாலயா?" என்றாள் ஹேட்டி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு கைகளையும் முரசு இருக்க வேண்டிய இடத்துக்குத் தூக்கினாள். "சரி, கேளு."

வெற்றுக் காற்றில் கைவீசிக்கொண்டு, அடிகளை வாயால் சொன்னாள். தம், தம், தம தம. நாற்காலிகளில் இருந்த ஜனம் தலையைத் திருப்பிப் பார்த்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் பேசாமல் பார்த்தார்கள்.

பேருந்தின் ஹாரன் அடித்தது. மர்லா போயாக வேண்டும். மூன்று பேருந்துகளில் கடைசி வண்டியில் தலை எண்ணுவது அவள் வேலை.

பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. வரிசையாக அவரவர் எண்ணை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். எண்ணிக்கையைத் தவறவிட்டவருக்கு மறுநாள் ஆட்டத்தில் இடம் கிடையாது. விதி போட்டது மர்லா. போன கோடையில் இதற்காகவே ஓர் ஊதல்காரனை உட்காரவைத்தாள், அவன் அழ அழ.

படியில் நின்றுகொண்டு "எண்ணுங்க" என்றாள்.

ஒன்று, இரண்டு என்று ஓடியது. ஜன்னல் வழியே ஆறு தெரிந்தது. ரஸ்ஸுக்குப் பார்ஜ்கள் தீர்ந்துபோயின. படகின் பின்தளத்து ஓரத்தில் வந்து நின்றுவிட்டான், இனி நடக்க இடமில்லை. ஆறு அவனை இழுத்துக்கொண்டு போனது. ஹேட்டி கரையோடு கூடவே நடக்க ஆரம்பித்தாள், போனைக் காதில் வைத்தபடி.

"முப்பத்திமூணு."

அடுத்த குரல் வரவில்லை.

முப்பத்திநாலு ஹேட்டியின் எண்.

"மர்லா" என்றார் லெம், திரும்பிப் பார்க்காமல். "எட்டு பதினாலு."

ஜோசலின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முப்பத்தைந்து. வண்டியில் எல்லோருமே இப்போது அந்தப் பக்கம்தான் பார்த்தார்கள். கரையில் பச்சைச் சட்டை சின்னதாகிக்கொண்டு போனது.

மர்லா பட்டியலைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"முப்பத்திநாலு" என்றாள்.

அது யார் குரல் என்று வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். போன கோடையில் உட்காரவைக்கப்பட்டவனும் இருபத்தொன்றாம் எண்ணாக அதே வண்டியில் இருந்தான். மர்லா யார் முகத்தையும் பார்க்காமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முப்பத்தஞ்சு" என்றாள் ஜோசலின்.

"முப்பத்தாறு."

எண்ணிக்கை நாற்பத்தேழு வரை போய் முடிந்தது. மர்லா இறங்கினாள். கதவு மூடியது, வண்டி நகர்ந்தது. அடுத்த எண்ணிக்கை ஒன்றரை மணி நேரத்தில், டீசல் போட நிற்கும் இடத்தில். அதற்குள், பேருந்துகளுக்குப் பின்னால் தான் ஓட்டிவரும் வேனில் மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டபடி, சாவியைத் தேடிக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினாள்.

பாதி வழியில்தான் அது உறைத்தது. வண்டி கிளம்பியதும் ஹாலிஸ் தினமும் அவளைக் கூப்பிடுவார். எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்பார்.

அவள் போன் ஹேட்டியின் காதில் இருந்தது.